கங்காணியும் கிராணியும்

எங்கள் வீட்டு முயல்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தது அப்பாதான். பெண்ணுக்குக் கங்காணி, ஆணுக்குக் கிராணி. நான் மைலோ, கோப்பி என்று ஏதோ யோசித்து வைத்திருந்தேன். வந்த புதிதில் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் சாயங்காலம் தீர்ப்புச் சொன்னார். "இந்தப் பொம்பளை ஒரு எடத்துல நிக்குதா பாரு. மூலை மூலையா போயி கணக்கெடுக்குது. யாராச்சும் காலை நீட்டி உக்காந்தா பின்னாலேருந்து முட்டுது. கங்காணியேதான். அவன் பாவம், கிராணி. பேப்பர் மேல உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டான்." அதோடு முடிந்தது. மைலோவும் கோப்பியும் அலமாரியிலேயே இருந்துவிட்டன.

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: கங்காணி என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். கிராணி ஆபீசில் உட்கார்ந்து செக்ரோல், அதாவது யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்ற பதிவேடு, எழுதுகிறவர். அவர் பேனா ஒரு கோடு தவறினால் நம் சம்பளத்தில் ஒரு நாள் போச்சு. அப்பா முதலில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர்ப் பால் எடுத்து, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை அறுத்து ஓய்வு பெற்றவர். இந்த இரண்டு பேருக்கும் சலாம் போட்டே காலத்தைக் கழித்தவர். இப்போது அதே இரண்டு பேருக்கும் அவர்தான் புல் அறுத்துப் போடுகிறார். "தலையெழுத்து" என்பார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே, பழைய ரோட்டில் செம்மோரைத் தாண்டி வர வேண்டும். வரலாறு தெரிந்தவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னதும் 1948 ஜூன் 16 ஞாபகம் வரும். இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அன்று வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது. மற்றவர்களுக்கு இது மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடம். பின்வாசலைத் திறந்தால் ஒரு சாக்கடை, ஒரு கம்பி வேலி, அதற்கப்புறம் செம்பனைதான். முயல் வளர்க்க நல்ல இடமா என்று கேட்டால் அவ்வளவு நல்ல இடம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முயல் மடியில் வைத்துக் கொஞ்சுகிற பிராணி இல்லை. காலண்டரில் குழந்தை ஒன்று முயல்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நிஜத்தில், தரையிலிருந்து தூக்கியதும் முயலுக்கு உயிர் போகிற பயம் வருகிறது. மேலேயிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்துதான். பின்னங்காலால் உதைக்கும். அந்தக் காலில் இருக்கிற பலத்துக்கு ஏற்ற முதுகெலும்பு அதற்கு இல்லை. சரியாகப் பிடிக்காவிட்டால் தன் உதையிலேயே தன் முதுகை முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. முகத்துக்கு எதிரே கையை நீட்டினால் அதற்கு ஒன்றும் தெரியாத இடத்திலிருந்து ஒரு கை முளைக்கிறது. கங்காணி கடிப்பது அதனால்தான். அப்பா இதை யாரும் சொல்லித் தராமலேயே பிடித்துக்கொண்டார்: தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவார். அவரைக் கடித்ததில்லை.

இரண்டையும் ஈப்போவில் ஒரு கடையில் வாங்கினோம். "ரெண்டுமே பொண்ணுக்கா, அக்கா தங்கச்சி" என்று கடைப் பையன் அடித்துச் சொன்னான். கங்காணி பழுப்பு, நிமிர்ந்த காது. கிராணி சாம்பலும் வெள்ளையும், காது தோளில் தொங்கும். இவை எந்த ஊர் அக்கா தங்கை என்று அப்போதே சிரிப்பு வந்தது. குட்டி முயலில் ஆண் பெண் பார்ப்பது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே தடுமாறும் வேலைதான், ஆனால் அந்தப் பையன் பார்த்த மாதிரியே தெரியவில்லை. முதல் பரிசோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் டாக்டர் கிராணியைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "தங்கச்சி இல்ல, தம்பி" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். பெண் முயலுக்கு மாடு ஆடு மாதிரி நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆணோடு சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியாகும். சுமப்பது ஏறக்குறைய 31 நாள். ஈன்ற அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும். "தீபாவளிக்குள்ள ஒரு டிவிஷனே வந்துரும்மா, லயம்தான் கட்டணும்" என்றார். டிவிஷன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, லயம் என்றால் அதில் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அன்று இரவே கம்பிக் கூண்டு இரண்டாயிற்று. கிராணிக்கு முதலில் அறுவை. அதற்கப்புறமும் சில வாரம் பிரித்தே வைக்கச் சொன்னார்கள், ஏற்கெனவே உடம்பில் இருக்கும் விந்து உடனே தீர்ந்துவிடாது. கங்காணிக்குக் கொஞ்சம் வளர்ந்த பிறகு. அது குட்டிக்காக மட்டும் இல்லை: கர்ப்பப்பை எடுக்காத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம்.

அப்பாவுக்கு முயல் புதிதில்லை. லயத்தில் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் பலகைக் கூண்டு அடித்து வளர்த்தவர்கள் உண்டு. அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை, மஞ்சள் மசாலா எல்லாம் தயாராக இருக்கும். கங்காணி ரொம்ப முறைத்தால் இன்றைக்கும் அந்தக் கதையை அவளுக்கு நினைவுபடுத்துவார். அவள் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

மறுபடி இரண்டையும் சேர்த்த கதைதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. முயலுக்கு இடம்தான் எல்லாம். தன் இடத்துக்குள் இன்னொன்று வந்தால் கடித்துக் குதறிவிடும். யாருடையதும் இல்லாத இடம் என்றால் பேச்சுவார்த்தைக்கு வரும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் குளியலறை மட்டும்தான். தரையில் பழைய சாக்கை விரித்து, அப்பா கதவை அடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். கையில் குலை அறுக்கும்போது போட்ட கையுறை. சண்டை வந்தால் வெறுங்கையால் விலக்கக் கூடாது.

சண்டை வந்தது. கங்காணி ஒரே பாய்ச்சலில் கிராணியை வாளிக்குப் பின்னால் துரத்தினாள். கொத்துக் கொத்தாய் ரோமம் பறந்து ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அவன் வாளியைச் சுற்றி ஓட, அவள் மறுபக்கமாக வந்து மறிக்க, அப்பா "ஏய், ஏய்" என்று இரண்டுக்கும் நடுவில் கையுறையை நீட்ட, அடுத்தடுத்த நாள்களிலும் இதே பஞ்சாயத்து. ஆனால் ஒவ்வொரு நாளும் துரத்தல் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் ஒரு நாள் கங்காணி மெதுவாக, அடி மேல் அடி வைத்து வந்து, தாடையைத் தரையோடு அமுக்கி, தலையைக் கிராணியின் மூக்குக்குக் கீழே நீட்டி அப்படியே படுத்தாள். நான் ஏதோ மன்னிப்புக் கேட்கிறாள் என்று உருகிப் போனேன். முயல் சமூகத்தில் அதற்குப் பொருள் நேர்மாறானது. பெரும்பாலும் மேலிடத்து முயல்தான் அப்படித் தலையைத் தாழ்த்தும். "நக்கிவிடு" என்பது உத்தரவு. கிராணி முதலில் வேறு பக்கம் பார்த்தான். தன் முகத்தைத் தானே கழுவிக்கொண்டான். அவள் தலையை இன்னும் ஓர் அங்குலம் முன்னால் தள்ளினாள். கடைசியில் அவன் குனிந்து, இரண்டு காதுக்கும் நடுவே, நெற்றியில் ஒரே ஒரு தடவை நக்கினான். அவள் கண் பாதி மூடியது.

"பாத்தியா" என்றார் அப்பா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "தலையைக் குனிஞ்சே வேலை வாங்குறா."

அன்றிலிருந்து வீட்டில் இதுதான் ஏற்பாடு. வல்லாரைக் கட்டை வைத்தால் கங்காணி தன் பங்கை வைத்துக்கொண்டே கிராணியின் வாயில் இருக்கும் இலையின் மறுமுனையைப் பிடித்து இழுப்பாள். அவன் சண்டைக்குப் போக மாட்டான், விட்டுவிட்டு வேறு இலைக்குப் போவான். புது இலை எதையும் அவன் முதலில் தொடவும் மாட்டான். புதினாவை முதன்முதலில் வைத்தபோது அவள் தின்று முடித்து மீசையைத் துடைக்கும் வரை தள்ளி நின்று பார்த்துவிட்டு, மிச்சமிருந்த காம்பை மோந்தான். ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை: தமிழ்ப் பத்திரிகை. கங்காணிக்குப் பத்திரிகை என்றால் கிழித்துப் போட, அவனுக்கு உட்கார. அவள் ஓரத்தைப் பல்லால் இழுத்தால், அவன் உடம்பைத் தரையோடு தட்டையாக்கிக்கொண்டு கல்லாகிவிடுவான். முட்டுவாள், உறுமுவாள், சுற்றி வருவாள். ஒன்றும் நடக்காது. அப்பா பத்திரிகை படிக்க வேண்டுமென்றால் அவன் எழுந்து போகும் வரை காத்திருக்கிறார்.

கங்காணி வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் தாடையைத் தேய்த்து முத்திரை வைத்திருக்கிறாள். தாடைக்குக் கீழே ஒரு வாசனைச் சுரப்பி; நமக்கு ஒரு வாசமும் தெரியாது. நாற்காலிக் கால், அப்பாவின் ஃபிளாஸ்க், கேஸ் சிலிண்டர், தரையில் வைத்த என் கைப்பை, எல்லாம் அவள் சொத்து. துடைப்பம் மட்டும் எதிரி. அவள் மூலையைக் கூட்டப் போனால் முன்னங்கால் இரண்டாலும் துடைப்பத்தைக் குத்துவாள், தொண்டையிலிருந்து குட்டையாக ஒரு உறுமல். முயல் சத்தமே போடாது என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்து கூட்டிப் பார்க்கலாம். மெங்குவாங் பாயின் நாலு ஓரமும் போய்விட்டது. வயர்களை எல்லாம் குழாய்க்குள் விட்டோம். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வைஃபை வயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

கிராணியின் சங்கதி வேறு. ஒரு மத்தியானம் நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து, கால் நாலையும் நீட்டி, வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தான். "ஏம்மா, போயிருச்சும்மா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் நான் குசினியிலிருந்து ஓடி வந்தேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். தூக்கம். பயம் துளியும் இல்லாத முயல்தான் அப்படி விழும். கங்காணி இதுவரை எங்கள் முன்னால் அப்படி விழுந்ததில்லை. கால் நாலையும் அடியில் மடக்கி, எப்போதும் எழுந்து ஓடத் தயாராகத்தான் படுப்பாள். ஆனால் கிராணி பக்கத்தில் கிடக்கும்போது அவள் பின்னங்கால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீளும்.

விடியற்காலைதான் இவர்கள் நேரம். பால்மரம் இருட்டிலேயே வெட்டப்படுவதற்குக் காரணம் உண்டு: குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அந்த நேரத்துக்கு எழுந்து எழுந்து, தலைவிளக்கைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆகியும், அப்பாவின் உடம்பு ஐந்து மணிக்கு மேல் படுக்காது. முன்பெல்லாம் எழுந்து, கோப்பி கலக்கி, யாரும் எழாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். முயலும் பகலில் தூங்கி, விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். இப்போது அவர் விளக்கைப் போட்டதும் கங்காணி அவர் காலைச் சுற்றி வட்டம் போடுகிறாள். கிராணி கூண்டு வாசலில் முன்னங்காலை வைத்து நிற்கிறான். "பெரட்டுக்கு வந்தாச்சா? ஆள் ரெண்டு, முழுப்பேரு!" என்று அவர் கூப்பிடுவது என் அறைவரை கேட்கும். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியலில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவது, முழுப்பேரு என்றால் முழு நாள் வேலைக் கணக்கு. அப்புறம் புல், அப்புறம் அவருக்குப் பசியாற, இந்த வரிசையில்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை எழுப்பினார். "இது என்னா பழக்கம், தன்னோடதையே தின்னுது." தலையை வயிற்றுக்கடியில் வளைத்து, ஆசனவாயிலிருந்து நேராக வாயில் எடுத்துக்கொண்டிருந்தாள் கங்காணி. முயலுக்குப் புழுக்கை இரண்டு வகை. நாம் கூட்டி அள்ளுவது காய்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று, பளபளவென்று கொத்தாக வரும். புல் குருட்டுக்குடலில் நொதித்து, நுண்ணுயிர்கள் அதில் வைட்டமினும் புரதமும் சேர்த்த பிறகு வருவது அது. அதைத் தின்றால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். மாடு அசைபோட்டுச் செய்யும் வேலையை முயல் இப்படிச் செய்கிறது. அப்பா யோசித்தார். "அப்போ காஞ்சது?" அது உரம், மக்க வைக்காமல் அப்படியே செடிக்குப் போடலாம் என்றேன். மூட்டை மூட்டையாகத் தோட்டத்துக்கு உரம் வீசிய மனுஷர். மறுநாளே கறிவேப்பிலைக்குப் போட்டார். இப்போது தெருவில் பாதி வீட்டுக்குக் கறிவேப்பிலை எங்களிடமிருந்துதான் போகிறது, காரணத்தை யாரிடமும் விரிவாகச் சொல்வதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரே ஆலோசகர்கள். முயல் என்றால் கேரட் என்று பிடிவாதம். கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும், சாப்பாட்டில் பெரும்பகுதி பச்சைப் புல்லாகவோ காய வைத்த புல்லாகவோதான் இருக்க வேண்டும் என்றால் கேட்க மாட்டார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். அன்பாக மரவள்ளி இலையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. பச்சை மரவள்ளி இலையில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. வேகவைத்துத்தான் தின்ன வேண்டும் என்று பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. முயலுக்கு யார் வேகவைத்துக் கொடுப்பது? வாங்கி வைத்துக்கொண்டு நாங்களே துவட்டிவிடுவோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் புல் மண்டிக் கிடக்கிறது, இலவசம். ஆனால் அந்தப் பக்கத்துப் புல் ஒரு பிடிகூட எங்கள் வீட்டுக்குள் வராது. அம்மா மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தவள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை வட்டத்தைச் சுற்றிச் சுற்றி அடித்தவள். அவள் விரல் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியாக 2020 ஜனவரி 1இல்தான் முழுசாக நிறுத்தினார்கள். அது போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கவே செய்கின்றன. அடித்த அன்றைக்குப் புல் பச்சையாகத்தான் இருக்கும், பார்த்தால் தெரியாது. அதனால் அப்பா வீட்டுப் பின்பக்கம், பழைய டிரம்மைப் பாதியாக அறுத்து, நேப்பியர்ப் புல் போட்டிருக்கிறார். அதற்கு மேல் திமோத்தி வைக்கோல். அது குளிர்நாட்டுப் புல், இங்கே விளையாது, அமெரிக்காவிலிருந்து வருவது. மழைக்காலத்தில் காற்றுப் போகாத பையில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும். "வெளிநாட்டு வைக்கோல் திங்கிற கங்காணியை இப்பத்தான் பாக்கறேன்" என்பார் அப்பா.

வெயில் இன்னொரு கஷ்டம். வீட்டு முயல்கள் எல்லாம் ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்து ஐரோப்பிய முயலின் வம்சம். சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும். மத்தியானம் 33, 34 டிகிரி அடிக்கிற ஊரில் அந்தக் காது மட்டும் போதாது. காற்றாடி, சிமெண்டுத் தரை, பாட்டிலில் உறைய வைத்த தண்ணீர். கிராணி பாட்டிலில் சாய்ந்து படுத்துவிடுவான். கங்காணிக்குப் பாட்டில் ஆகாது. மூக்கால் உருட்டித் தள்ளிவிட்டு, அது இருந்த குளிர்ந்த இடத்தில் படுப்பாள்.

ராத்திரி வேறு கதை. எலியை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வெண்ணிற முகத்துக் கூகை அதில் குஞ்சு பொரிக்கும். நல்ல ஏற்பாடுதான், எலிமருந்து மிச்சம். ஆனால் அது கிறீச்சிட்டுக்கொண்டு எங்கள் கூரைக்கு மேல் பறக்கும்போது கங்காணி பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பாள். பலகை விழுந்த சத்தம். மண்ணுக்கடியில் வளை வளையாகக் கூட்டமாய் வாழும் இனம். ஒன்று அடித்தால் எல்லோருக்கும் எச்சரிக்கை. கிராணி அடிக்க மாட்டான், உறைந்துபோவான். மூக்கு ஆடுவதுகூட நின்றுவிடும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் அந்த அடி விடிய விடிய. கூண்டின் மேல் போர்வையைப் போட்டு, காற்றாடியை வேகமாக வைத்து, பக்கத்தில் அப்பா பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். பட்டாசு வேண்டாம் என்று தெருவில் யாரிடமும் சொல்ல முடியாது. நானும் ஒரு காலத்தில் வாளிக்குள் போட்டு வெடித்தவள்தான்.

கிராணிக்கு உடம்பு சரியில்லை என்பதையும் முதலில் கண்டுபிடித்தது பெரட்டுதான். ஒரு விடியலில் "ஆள் ஒண்ணுதான்" என்று அப்பா குரல் கொடுத்தார். அவன் மூலையில் முதுகை வளைத்துக் குன்றி உட்கார்ந்திருந்தான். முந்தின இரவு வைத்த வைக்கோல் அப்படியே இருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். தடவிக் கொடுக்கும்போது முயல் பல்லை மெல்ல உரசும், கன்னத்தில் விரல் வைத்தால் நடுக்கம் தெரியும், அது சந்தோஷம். இது சத்தமாக, விட்டு விட்டு. இது வலி.

முயலுக்கு வாந்தி எடுக்க வராது. வயிறும் குடலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் காற்று நிறைந்து, வலியில் மேலும் தின்னாமல், ஒரு நாளுக்குள்ளேயே ஆபத்தாகிவிடலாம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போன் எடுத்து, நாய் பூனை மட்டும்தான் என்று வைத்துவிட்டார்கள். ஈப்போவுக்கே ஓட்டினேன். இரண்டையும் சேர்த்தே கூடையில் வைத்தோம். ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் கொண்டுபோனால், திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வாசனையில் மற்றது அதை அந்நியன் என்று அடிக்கப் பார்க்கும். வழியெல்லாம் கங்காணி அவன் விலாவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், தோலுக்கடியில் சலைன், வலிக்கு ஊசி, குடல் ஓடுவதற்கு மருந்து. வீட்டில் ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த புல்மாவைக் கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார், இதையும் எழுதிவிடுகிறேன்: நாய் பூனைக்குப் போடும் உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலின் மேல் போடவே கூடாது, உயிர் போய்விடும்.

அப்பா துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் ஊட்டினேன். பாதி என் சட்டையில். அந்த நாள்களில் கங்காணி ஒரு தடவைகூடத் தலையைக் குனிந்து நிற்கவில்லை. கூண்டுக்குள் விட்டதும் அவன் முகத்தில் ஒட்டிய மாவையெல்லாம் அவளே நக்கித் துடைத்தாள். கண்ணோரம், மூக்கு, தொங்கும் காதின் உள்பக்கம் என்று விடாமல். அவள் அவனை நக்கி நான் பார்த்தது அப்போதுதான். பிறகு ஒரு காலையில் அப்பா என் அறைக் கதவைத் தட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சின்னதாக, கோணலாக, ஒரே ஒரு புழுக்கை. ஒரு புழுக்கைக்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாயங்காலத்துக்குள் அவன் வல்லாரைக்கு வந்துவிட்டான். அவன் தின்று முடிப்பதற்குள் கங்காணி மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் தாடையைத் தரையில் வைத்துத் தலையை நீட்டினாள். ஓவர்டைம் முடிந்தது.

போன பள்ளி விடுமுறைக்கு முன்னால் பக்கத்து வரிசை வீட்டு அக்கா வந்தார். மகன் அடம் பிடிக்கிறான், இரண்டு குட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறார்.

"சுலபந்தானே அங்கிள்? சத்தம் போடாது, குளிப்பாட்ட வேணாம், பாவம் அது பாட்டுக்கு இருக்கும்."

"பத்து வருஷம் இருக்கும்மா" என்றார் அப்பா. "நல்லா பாத்துக்கிட்டா அதுக்கு மேலயும்."

"பரவால்ல அங்கிள், பையன் பாத்துக்குவான்."

"காலையில வீட்டுல அஞ்சு மணிக்கு யாரு எந்திரிப்பா?"

அக்கா சிரித்துவிட்டார். "யாரும் இல்ல அங்கிள். லீவுல ஒம்போது மணி ஆகும்."

"அப்போ மீன் வளர்த்துப் பாருங்க லா" என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலை ஒடித்துத் தரப் பின்பக்கம் போனார். அந்த வீட்டு வாசலில் இப்போது ஒரு தொட்டி நிறையக் கப்பி மீன்.